அம்மம்மாவுக்கும் ஓர் ஓய்வு நாள் வேண்டும்

விடியப்புறம் எழும்பி அடுப்பு மூட்டுகிறார். மூத்த பேத்திக்குத் தலை பின்னிப் பாடசாலைக்கு அனுப்புகிறார். இளைய பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போகிறார். தாய்க்கு வெளிநாட்டில் வீட்டு வேலை. தகப்பனுக்குத் தூர இடத்தில் கூலி வேலை. இன்று அம்மம்மாவுக்குக் கிளினிக் நாள். பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசித்துவிட்டு, கிளினிக் கொப்பியைத் திரும்பவும் பெட்டிக்குள் வைக்கிறார். மிச்சமிருக்கும் பிரஷர் குளிசைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுச் சமாளிக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

இப்படியொரு அம்மம்மாவை நாம் எல்லோரும் அறிவோம். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்களும் இவர்களே.

பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது முதியோருக்கு நல்லதா, கெட்டதா? இரண்டும் உண்மை. எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதிலேயே விஷயம் தங்கியிருக்கிறது.

ஜேர்மனியின் பேர்லின் நகரில், 70 வயதும் அதற்கு மேலுமான 500 இற்கும் அதிகமானோரை 1990 முதல் 2009 வரை ஆய்வாளர் தொடர்ந்து கவனித்தனர். இடையிடையே பேரப்பிள்ளைகளைப் பார்த்தவர்களில் அரைவாசிப் பேர் ஏறக்குறைய 10 ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தனர். எவருக்கும் உதவாதிருந்தவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் 5 ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டனர். சுகமாக இருப்பவர்களே உதவவும் முன்வருவார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது. முழுப் பொறுப்பையும் தனியே சுமந்தவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

2014 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்று 186 பெண்களின் ஞாபகசக்தியையும் சிந்திக்கும் வேகத்தையும் சோதித்தது. கிழமையில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்தவர்கள் நன்றாகச் செய்தனர். 5 நாளோ அதற்கு மேலோ பார்த்தவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கினர்.

இது எமக்குப் புதிய செய்தியல்ல. ஊரில் நாம் இருந்தபோது பிள்ளை ஒருவர் கையில் மட்டும் வளரவில்லை. சின்னம்மா குளிப்பாட்டினார், மாமி சோறூட்டினார், அயல் வீட்டுப் பெட்டை தூக்கிக்கொண்டு திரிந்தாள். அம்மம்மா கதை சொன்னார். இடப்பெயர்வு காணியையும் கிணற்றையும் மட்டும் பறிக்கவில்லை. அந்தக் கைகளையும் திக்குத்திக்காகப் பிரித்துவிட்டது. பலர் பகிர்ந்த வேலை இன்று ஒரு முதிய உடம்பின்மேல் விழுந்திருக்கிறது. முழங்கால் நோவும், நித்திரைக் குறைவும், தவறிய குளிசைகளும் அதன் விளைவுகள்.

ஆகவே அந்தக் கைகளை மீண்டும் சேர்க்க வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

ஒழுங்கையில் உள்ள நான்கைந்து வீடுகள் கூடி, ஒவ்வொருவருடைய கிளினிக் நாளையும் ஒரே கலண்டரில் குறித்துக்கொள்ளலாம். அன்று பிள்ளையை யார் பார்ப்பது என்பதை முன்னதாகவே தீர்மானிக்கலாம். பிரஷர், சீனி வியாதிக் குளிசைகளை வைத்தியர் சொல்லாமல் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது; உடம்பு சுகமாகத் தெரிந்தாலும் பிரஷர் உள்ளே ஏறியிருக்கலாம்.

பிள்ளையை நிலத்திலிருந்து குனிந்து தூக்காமல், வாங்கில் ஏறவிட்டு அங்கிருந்து அணைத்துத் தூக்குங்கள். முன்பள்ளி வயதுப் பிள்ளையைத் தவறாமல் முன்பள்ளிக்கு அனுப்புங்கள். அந்த நேரம் அம்மம்மா சாய்ந்து படுப்பதற்கு, உடுப்புத் தோய்ப்பதற்கல்ல. எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதே அவருடைய சாப்பாடு என்ற வழக்கத்தையும் விட்டுவிடுவோம்.

வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மகள் முதலில் பிள்ளையின் சுகத்தை விசாரிப்பது இயல்பு. அடுத்ததாக, "அம்மா, இந்த மாதம் கிளினிக்குக்குப் போனீங்களோ?" என்றும் கேட்கட்டும். அப்பப்பாமாரும் திண்ணையை விட்டிறங்கி ஒரு பிள்ளையின் கையைப் பிடிக்கட்டும்.

அம்மம்மா படுக்கையில் விழுந்தால் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவருக்குக் கொடுக்கும் ஓய்வு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. வருகிற கிளினிக் நாளுக்கு முன்னர் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்.