வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்போம்: தவ்பாவின் அடுத்த படி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

சில மாதங்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சகோதரர் பள்ளியிலேயே காத்திருந்தார். கையில் வங்கிக் கணக்கு அறிக்கை. ஐந்து வருடங்களுக்கு முன் 20 இலட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கியவர். "ஹஸ்ரத், இதுவரை பத்து இலட்சத்துக்கு மேல் கட்டிவிட்டேன். இன்னும் பதினேழே முக்கால் இலட்சம் பாக்கி என்கிறார்கள். வட்டி ஹராம் என்று தெரிந்தும் அன்று வாங்கிவிட்டேன். இப்போது தவ்பா செய்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாதமும் வட்டி போய்க்கொண்டே இருக்கிறதே, இந்தத் தவ்பா கூடுமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. நம் முஹல்லாக்களில் பலர் இதே நிலையில் இருக்கிறார்கள். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். வட்டிக்கு வாங்காதீர்கள் என்று ஜும்ஆ மேடைகளில் சொல்கிறோம். ஏற்கெனவே வாங்கியவர் அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்பதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. அதற்காகவே இக்கட்டுரை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வட்டி ஹராம் என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 275 முதல் 279 வரையிலான வசனங்கள் போதும். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர்கள் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாகவும், பாவத்தில் அவர்கள் சமம் என்று கூறியதாகவும் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. "நான் வட்டி வாங்கவில்லையே, கொடுக்கத்தானே செய்கிறேன்" என்று ஆறுதல் தேட அந்த ஹதீஸ் இடம் தரவில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடன் வாங்குவதோ அதற்கு அடமானம் வைப்பதோ ஹராம் அல்ல. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களுடைய போர்க்கவசம், முப்பது ஸாஉ வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்தது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி). கடனுக்கு மேல் நிபந்தனையாக வாங்கப்படும் வட்டிதான் ஹராம்.

எனவே அசலைத் திருப்பிக் கொடுப்பது நம்மீது கடமை. "வட்டிக் கடன்தானே, கட்டாமல் விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அசல் கொடுத்தவருக்கு உரியது என்பதை அல்பகரா 279ஆவது வசனமே தெளிவாக்கிவிட்டது. தவணையைக் கட்டாமல் ஏமாற்றுவது தவ்பா ஆகாது; அது இன்னொரு பாவம்.

அப்படியானால் தவ்பா எப்படி நிறைவேறும்? செய்ததற்கு வருந்துவது, பாவத்தை விட்டு விலகுவது, இனி செய்வதில்லை என்று உறுதி எடுப்பது ஆகிய மூன்றும் தவ்பாவின் நிபந்தனைகள். வருத்தமும் உறுதியும் உள்ளத்தில் நடப்பவை. விலகுவது செயலில் நடக்க வேண்டும். இருபது வருட ஒப்பந்தத்தில் மாட்டியவரால் ஒரே நாளில் விலக முடியாது. சக்திக்கு மீறி அல்லாஹ் யாரையும் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் சக்திக்கு உட்பட்டதைச் செய்யாமல் இருப்பதற்கு நம்மிடம் காரணம் இல்லை. அந்தச் சகோதரருக்கும் இதைத்தான் சொன்னேன்: "உங்கள் தவ்பாவுக்கு அடையாளம், அந்தப் பாக்கித் தொகை குறையும் வேகம்."

அந்த வீட்டில் தொழலாமா, குடியிருக்கலாமா என்றும் கேட்கிறார்கள். குற்றம் வட்டி ஒப்பந்தத்தில் உள்ளது. வீடு அவருடைய சொத்துதான், அதில் வசிப்பதும் தொழுவதும் கூடும் என்றே பல உலமாக்கள் தீர்ப்பளித்துள்ளார்கள்.

ஐரோப்பாவில் வீட்டுக் கடனுக்கு அனுமதி அளித்தார்களே என்று சிலர் ஆதாரம் காட்டுவார்கள். 1999இல் ஐரோப்பிய ஃபத்வா மன்றம் கொடுத்த அத்தீர்ப்பு, அங்குள்ள முஸ்லிம்களுக்கு, குடியிருக்க வேறு வீடோ வேறு வழியோ இல்லாத நிலையில், நிபந்தனைகளோடு சொல்லப்பட்டது. உலமாக்கள் பலர் அதை ஏற்கவும் இல்லை. நிர்ப்பந்தம் என்று ஒப்புக்கொண்டாலும், அது தேவையின் அளவோடு நின்றுவிடும். கையில் பணம் வந்த பிறகும் வட்டி கட்டிக்கொண்டிருக்க எந்தச் சட்டவிதியும் அனுமதிக்காது.

தவணைக்குள் என்ன நடக்கிறது?

20 இலட்சம் ரூபாய், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி, 20 வருடங்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 17,995 ரூபாய். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 2,995 ரூபாய் மட்டும். ஐந்து வருடங்களில் கட்டியது 10 இலட்சத்து 80 ஆயிரம். அசலில் குறைந்தது 2 இலட்சத்து 26 ஆயிரம்தான். இருபது வருடமும் இப்படியே கட்டினால் வட்டி மட்டும் 23 இலட்சத்தைத் தாண்டும். அதாவது வாங்கிய தொகையைவிட வட்டி அதிகம்.

மீதமுள்ள அசலின் மீதுதான் வட்டி கணக்கிடப்படுகிறது. அதனால் தவணைக்கு மேல் நாம் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் நேராக அசலைக் குறைக்கும். அந்த ரூபாய்க்கு இனி வரவிருந்த வட்டி அத்தனையும் நின்றுவிடும்.

இதே கடனில் ஆரம்பத்திலிருந்தே மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கடன் 14 வருடங்களில் முடிந்துவிடும். ஆறு வருடம் மிச்சம். வட்டியில் சுமார் 8 இலட்சம் குறையும். மாதாமாதம் முடியாதவர், ஐந்தாம் வருட முடிவில் ஒரே தடவையாக 2 இலட்சம் கட்டினாலும் மூன்று வருடத்துக்கு மேல் குறையும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூடுதல் தொகையைக் கட்டும்போது, "தவணைத் தொகையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?" என்று வங்கியில் கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலேயே ஒன்றைச் செய்துவிடுவார்கள். மேலே சொன்ன 2 இலட்சத்துக்கு, தவணையைக் குறைத்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 1 இலட்சத்து 65 ஆயிரம். தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால் சுமார் 4 இலட்சத்து 68 ஆயிரம். குடும்பம் மிகவும் நெருக்கடியில் இருந்தாலன்றி, காலத்தைக் குறைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

வங்கியில் கவனிக்க வேண்டியவை

முதலில் உங்கள் கடன் எந்த வகை என்று பாருங்கள். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர்கள் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இது தெரியாமல், "முன்னதாகக் கட்டினால் பிடித்துக்கொள்வார்கள்" என்று பயந்து பலர் காத்திருக்கிறார்கள். நிலையான வட்டி விகிதம் என்றால் கட்டணம் இருக்கலாம். ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வட்டி விகிதம் ஏறும்போது தவணையை மாற்றாமல் வருடங்களை நீட்டிவிடும் வழக்கம் உண்டு. பத்து வருடம் கட்டியும் பாக்கி வருடங்கள் குறையவில்லையே என்று சிலர் திகைப்பது இதனால்தான். விகிதம் மாற்றியமைக்கப்படும்போது தவணையைக் கூட்டவோ, காலத்தை நீட்டவோ, பகுதியாகவோ முழுமையாகவோ அடைக்கவோ வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. இதுவரை போன அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மீதத் தவணைகள் எத்தனை என்ற அறிக்கையையும் காலாண்டுக்கு ஒருமுறை தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மூன்றாவது, வரிச் சலுகை. "கடனை அடைத்துவிட்டால் வருமான வரிச் சலுகை போய்விடும்" என்று கணக்காளர்கள் சொல்வார்கள். 30 சதவீத வரி கட்டுபவர்கூட, ஒரு இலட்சம் வட்டி கட்டினால் வரியில் மிச்சமாவது சுமார் 30 ஆயிரம்தான். மீதி 70 ஆயிரம் கையை விட்டுப் போகிறது. புதிய வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஹராமைத் தொடர இது ஒரு காரணமா?

பணம் எங்கிருந்து வரும்?

நம் செலவுகளைப் பார்ப்போம். வட்டிக் கடன் பாக்கி இருக்கும்போதே மண்டபம் பிடித்து ஆயிரம் பேருக்கு விருந்து, இரண்டாவது மூன்றாவது உம்ரா, புது வாகனம் என்று போகிறோம். உம்ரா சிறந்த அமல்தான். ஆனால் திரும்பத் திரும்பச் செய்வது நஃபில். ஹராமிலிருந்து விலகுவது கடமை. எதை முதலில் செய்வது என்று உலமாக்களிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

வளைகுடாவில் சபுர் முடித்து ஊர் திரும்பும் சகோதரர்களுக்குப் பணிக்காலத் தொகை மொத்தமாகக் கிடைக்கும். மேல் மாடி கட்டுவதற்கு முன், கீழ் மாடியின் கடனைப் பாருங்கள்.

பயன்படுத்தாத மனை, நகை இருந்தால் விற்று அடைக்கலாம். ஆனால் மனைவியின் மஹரும் நகையும் அவருடைய சொத்து. அவர் மனமுவந்து கொடுத்தால் மட்டுமே எடுக்கலாம். வற்புறுத்தி வாங்கினால் ஒரு ஹராமிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுவதாகும். அவர் கடனாகத் தந்தால் எழுதி வைத்துத் திருப்பிக் கொடுங்கள். உறவினரிடம் வாங்கும் கைமாற்றையும் அப்படியே எழுதுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் (2:282).

பல ஊர்களில் ஜமாஅத்தின் பைத்துல்மால் நகையை அடமானமாகப் பெற்று வட்டியில்லாக் கடன் தருகிறது. கழிவில்லாத குலுக்கல் சீட்டும் ஒரு வழி. வட்டிக்கு நகைக் கடன் வாங்கி வீட்டுக் கடனை அடைப்பது மட்டும் வேண்டாம். அதேபோல் இருப்பதையெல்லாம் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, மருத்துவச் செலவு வந்ததும் மறுபடி வட்டிக்கு ஓடும் நிலையும் வரக்கூடாது. சில மாதச் செலவுக்கும் தவணைக்கும் உரியதைக் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள்.

ஜகாத்தை இதற்காக நிறுத்திவிடக் கூடாது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது. ஹனஃபி மத்ஹபில் கடனைக் கழிக்கலாம். ஆனால் இதுபோன்ற நீண்டகாலக் கடனில் அந்த வருடத்துத் தவணைகளை மட்டும் கழிக்க வேண்டும் என்றே இக்கால உலமாக்கள் பலர் கூறுகின்றனர். இருபது வருடக் கடனையும் கழித்துவிட்டு "எனக்கு ஜகாத் இல்லை" என்று சொல்வது சரியல்ல.

கடன் முடிந்த பிறகு

கடைசித் தொகையைக் கட்டியதும் வேலை முடிந்துவிடாது. பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். முழுத் தொகையும் கட்டிய 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் பக்கம் தவறு இருந்து தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், அதை ரத்து செய்யும் ரசீதையும் அங்கே பதிய வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று எடுத்து, அடமானம் நீங்கியதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிள்ளைகள் பிற்காலத்தில் அலைய நேரும்.

அதுவரை உங்கள் கடன் விவரம் வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். வஸிய்யத்தில் எழுதி வையுங்கள். வாரிசுகள் பங்கு வைப்பதற்கு முன் கடன் அடைக்கப்பட வேண்டும். நபி (ஸல்) அவர்கள் முன் ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. அவருக்கு மூன்று தீனார் கடன் இருந்தது. அடைக்க எதையும் விட்டுச் செல்லவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுங்கள் என்று நபியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொழ வைத்தார்கள் (புகாரி). மூன்று தீனாருக்கு இந்த நிலை. அதுவும் வட்டியில்லாக் கடன்.

அந்தச் சகோதரர் அடுத்த மாதமே வந்தார். புது வாகனத்துக்காகச் சேர்த்து வைத்திருந்த 2 இலட்சத்தையும் அசலில் கட்டிவிட்டதாகச் சொல்லி ரசீதைக் காட்டினார். கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் அன்று அவர் முகத்தில் கூச்சம் இல்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ரசீதிலிருந்து தொடங்குங்கள். ஹராமை விட்டும் காத்து ஹலாலைப் போதுமாக்கித் தருமாறு அல்லாஹ்விடம் கேட்கும் துஆவை, கடனில் சிரமப்பட்டு வந்த ஒருவருக்கு அலீ (ரலி) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அது திர்மிதியில் இருக்கிறது. தவணைத் தேதி வரும்போதெல்லாம் அதை ஓதுங்கள்.

வட்டியின் பிடியில் இருப்பவர்களுக்கு அல்லாஹ் விடுதலையை இலேசாக்குவானாக. நம் சந்ததிகளை அதன் பக்கமே போகாமல் காப்பானாக. ஆமீன்.