ஒட்டுப்படத் தாளில் ஒளிந்திருக்கும் பெயர்கள்

"பொம்பர்" என்ற சொல்லின் பொருளை எம்மவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. வானில் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடிய தலைமுறையினர் பலர் மொன்றியலின் பார்க் எக்ஸ்ரென்சன், கோட் டி நேஜ் பகுதிகளில் குடியேறிப் பிள்ளைகளை வளர்த்தார்கள். அப்பிள்ளைகள் கடையிலிருந்து வாங்கிவரும் பிளாஸ்ரிக் விமானப் பெட்டிகளில், இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானங்களும் அடங்கும். "இதையா விளையாட்டுப் பொருளாக வைத்திருப்பது?" என்று முகஞ்சுளிக்கும் பெற்றோரை நாம் குறைகூற முடியாது. ஆயினும், அப்பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு சிறு தாளைக் கையிலெடுத்துப் பார்த்தால், பிள்ளைகளுடன் பேசுவதற்கு நிறைய விடயங்கள் உண்டு.

அத்தாளுக்கு டெக்கல் என்று பெயர். டெக்கல்கொமனி என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கமே அது. ஊரிலே ரலிச் சைக்கிளின் சட்டத்தில் மினுங்கிய பெயரும் சின்னமும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. பசை பூசிய தாளின்மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதிலே எழுத்துகளும் சின்னங்களும் அச்சிடப்பட்டிருக்கும். வேண்டிய படத்தை வெட்டி இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் நனைத்தால் பசை இளகிவிடும். பின்னர் அதைத் தாளிலிருந்து மெல்ல நகர்த்தி மாதிரியின்மேல் இருத்தவேண்டும். அடியிலுள்ள வர்ணம் வழுவழுப்பாக இருத்தல் அவசியம். சொரசொரப்பான பரப்பாயின் படலத்தின் கீழே காற்று சிக்கி, வெள்ளி பூத்தாற்போல் வெளுத்துவிடும்.

வேலை நுணுக்கமானது. லங்காஸ்டர் விமானத்தின் சிறகு நுனிக்கு நுனி 102 அடி நீளமுடையது. 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அது சுமார் 43 சென்ரிமீற்றராகும். உடலில் 8 அங்குல உயரத்தில் எழுதப்பட்ட தொடரெண், மாதிரியில் 3 மில்லிமீற்றருக்கும் குறைவு. நிறத்திலும் பிழைவிட முடியாது. இரவிலே பறந்த இவ்விமானங்களின் சிறகின் மேற்புறத்து வட்டச் சின்னத்தில் சிவப்பும் நீலமும் மாத்திரமே உண்டு. வெள்ளை வளையம் இருளில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதே காரணம்.

இரவல் பெயரில் ஒரு விமானம்

இந்த எழுத்துகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு? தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது எல்லா லங்காஸ்டரும் ஒன்றே. அதற்கு ஒரு முகத்தைக் கொடுப்பவை அதன் எழுத்துகளே.

உலகில் பறக்கும் நிலையிலுள்ள லங்காஸ்டர்கள் இரண்டேயிரண்டு. ஒன்று இங்கிலாந்தில் உள்ளது. மற்றையது ஒன்ராறியோ மாகாணத்தின் ஹமில்ரன் நகரிலுள்ள கனேடிய போர்விமானப் பாரம்பரிய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1945இல் மோல்ரனில் கட்டப்பட்ட ஹமில்ரன் விமானத்தின் உண்மையான எண் எஃப்.எம்.213. ஆனால், மீட்டெடுக்கப்பட்டு 1988இல் அது மீண்டும் வானேறியபோது தாங்கியிருந்தவை கே.பி.726, வி.ஆர்.-ஏ என்ற வேறொரு விமானத்தின் அடையாளங்கள். பிறர் பெயரில் பயணித்து இந்நாட்டை வந்தடைந்த எம்மவர் பலருக்கு இது வியப்பளிக்காது.

அந்த வேறொரு விமானம் 1944 யூன் 12ஆம் திகதி இரவு, பிரான்சின் கம்ப்ரே நகரின்மீது நடந்த தாக்குதலுக்குச் சென்று எரிந்து வீழ்ந்தது. அதில் இருந்தவர் அன்ட்ரூ மினார்ஸ்கி. வினிபெக்கில் குடியேறிய போலந்துப் பெற்றோரின் மகன். பின்புறச் சுடுகூண்டில் சிக்கிக்கொண்ட தோழனை விடுவிக்கத் தீயினூடே முயன்றார். முடியாதெனக் கண்டபின் அவருக்கு வணக்கஞ் செலுத்திவிட்டு, எரியும் ஆடையுடன் குதித்தார். காயங்களால் உயிரிழந்தார். சிக்கியிருந்த தோழரோ வீழ்ந்த விமானத்திலிருந்து உயிர்தப்பி, நடந்ததை உலகிற்குச் சொன்னார். 1946இல் மினார்ஸ்கிக்கு விக்ரோரியாச் சிலுவை வழங்கப்பட்டது. ஒட்டுப்படத் தாளில் வி.ஆர்.-ஏ என்ற மூன்று எழுத்துகள் சுமப்பது இந்த வரலாற்றையே.

ஒன்ராறியோவின் ட்ரென்ரனில் உள்ள ஹலிபக்ஸ் விமானம் தன் சொந்த எண்ணான என்.ஏ.337ஐயே தாங்கி நிற்கிறது. 1945 ஏப்ரலில் நோர்வேயின் மியோசா ஏரியில் வீழ்ந்த அவ்விமானத்தின் அறுவரில் ஐவர் குளிர்நீரில் மாண்டனர். 1995இல் ஏரியின் ஆழத்திலிருந்து தூக்கியெடுக்கப்பட்டு, பத்தாண்டு உழைப்பின்பின் 2005இல் அது மீட்டெடுக்கப்பட்டது.

மொன்றியலும் இலங்கையும்

நாம் வாழும் மாகாணத்துக்கும் இதில் பங்குண்டு. பிரெஞ்சுக் கனேடியருக்கென 1942இல் அமைக்கப்பட்ட 425ஆவது அணி, வானம்பாடியைச் சின்னமாகக் கொண்டது. கே.டபிள்யூ என்ற அதன் எழுத்துகள், கியூபெக்கில் இவ்விமானங்களின் மாதிரி செய்வோர் விரும்பித் தேடுபவை. ஆற்றுக்கு அப்பால் லோங்கேயில், பெயர்சைல்ட் நிறுவனம் 626 போலிங்புரோக் விமானங்களைக் கட்டியது. அவற்றுள் ஒன்றை மொன்றியல் தீவின் மேற்கோரமான செயின்ற் ஆன் டி பெல்வியூவில், பழைய கற்களஞ்சியமொன்றில் தொண்டர்கள் பல்லாண்டு பாடுபட்டு மீட்டெடுத்தனர்.

போலிங்புரோக்கின் பிரித்தானியச் சகோதரியான பிளென்ஹைம் எமது ஊர் வானத்துக்கும் பழக்கமானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானியர் திருகோணமலைமீது குண்டு பொழிந்தனர். அன்று கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து எழுந்து அவர்களது கப்பற்படையைத் தாக்கியவை ஒன்பது பிளென்ஹைம்கள், ஐந்து திரும்பவில்லை. மேலும், இலங்கையில் திரட்டப்பட்ட போர் நன்கொடைக்குக் கைமாறாக, பிரித்தானியாவின் 102ஆவது குண்டுவீச்சு அணிக்குச் "சிலோன்" என்ற பெயர் சூட்டப்பட்டது. டி.வை என்ற எழுத்துகளுடன் அதன் ஹலிபக்ஸ்கள் இங்கிலாந்தின் யோக்‌ஷயரிலிருந்து ஜேர்மனிய நகரங்களுக்குப் பறந்தன.

தாளில் இல்லாதவர்கள்

பிரித்தானியக் குண்டுவீச்சுக் கட்டளைப் பிரிவில் உயிரிழந்தோர் 55,573 பேர். அவர்களுள் ஏறக்குறைய 10,000 பேர் கனேடியர். அவர்களை நினைப்பது கடமை. ஆனால், 1943 யூலையில் ஹம்பேர்க் நகரில் தீயில் மாண்ட பல்லாயிரவரின் பெயர்கள் எந்த ஒட்டுப்படத் தாளிலும் இல்லை. விமானத்தின் மூக்கிலே ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு சிறு குண்டுப்படம் வரையப்பட்டது. அந்தக் குண்டுப்படங்களும் ஒட்டுப்படங்களாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஊர் இருந்தது.

இதைச் சொல்வது இந்நாட்டில் எளிதாக இருக்கவில்லை. ஒட்டாவாவிலுள்ள கனேடியப் போர் அருங்காட்சியகம், குண்டுவீச்சின் பயனும் நியாயமும் இன்னும் விவாதத்துக்குரியவை என ஒரு பலகையில் சில வரிகள் எழுதியது. முன்னாள் விமானப்படையினர் கொதித்தெழுந்தனர். செனற் சபைக் குழுவொன்று தலையிட்டது. 2007இல் அவ்வரிகள் மாற்றியெழுதப்பட்டன. அவர்களது நோவு எமக்குப் புரிகிறது. 1995 யூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர்மீது குண்டு வீழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதை அறிந்த எமக்கு மறுபக்கத்து நோவும் புரிகிறது. இரண்டையும் ஒருங்கே அறியும் இடத்தில் வரலாறு எம்மை நிறுத்தியிருக்கிறது.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: பிள்ளையின் கையிலுள்ள மாதிரியைப் பறிக்கவேண்டாம். ஒட்டுப்படத்தை அவன் நீரில் நனைக்கும்போது அருகில் அமருங்கள். இந்த எழுத்துகள் எந்த விமானத்துக்குரியவை, அதில் சென்றோர் யாவர், அது எந்த ஊரின்மேல் பறந்தது என்று தேடச் சொல்லுங்கள். விடையை ஒரு சிறு அட்டையில் எழுதி மாதிரியின் தாங்கியில் ஒட்டட்டும். அதே மேசையில் வைத்து, உங்கள் ஊரின் பெயரையும், அங்கே குண்டு வீழ்ந்த நாளையும், போனவர்களின் பெயர்களையும் அவனுக்குச் சொல்லுங்கள். அவற்றை அச்சிட்டுத் தர எந்தக் கடையும் இல்லை. நாமே எழுதிவைத்தால்தான் உண்டு.