பாத்ரூம் தண்ணீர் கீழே கசியுதா? டைல்ஸை உடைக்கும் முன் இந்த 3 சோதனைகளைச் செய்யுங்க!

மாடி பாத்ரூமில் யாராவது குளித்த கொஞ்ச நேரத்தில், கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் படர்கிறதா? கொத்தனாரைக் கூப்பிட்டால், "மொத்தமா உடைச்சுப் பார்த்தாதான் தெரியும்" என்பார். ஆனால் ஒரு வாளி, பழைய துணி, பிளாஸ்டிக் கவர் இருந்தால் போதும். கசிவு எங்கே என்பதை ஓரளவுக்கு நாமே கண்டுபிடித்துவிடலாம்.

சின்னக் கசிவுதானே என்று விடலாமா?

கூடாது. கசியும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து உதிர வைக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்ட் முறையில் வேலைக்குப் போகும் பலர் ஒரே பாத்ரூமைப் பயன்படுத்தும் வாடகை வீடுகளில், தரை காயவே நேரம் இருக்காது.

திருவாலங்காடு போன்ற ஊர்களில் உள்ள தரைத்தள வீடுகளில் கசிவு சீலிங்கில் தெரியாது. பாத்ரூமின் வெளிச்சுவர் அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பி உதிர்ந்தால், அதுதான் அறிகுறி.

கசிவு எங்கே? 3 சோதனைகள்

மழை இல்லாத நாட்களில் செய்யுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே இரண்டு, மூன்று நாள் பாத்ரூமைக் காய விடுங்கள். டைல்ஸுக்கு அடியில் தேங்கிய பழைய தண்ணீர் சொட்டினால் முடிவு தப்பாகிவிடும்.

*1. டேங்க் சோதனை:* இரவு எல்லா குழாய்களையும், ஃபிளஷ் டேங்க் வால்வையும் மூடிவிட்டு, மாடி டேங்க்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் குறைந்திருந்தால், தண்ணீர் வரும் பைப்பில் கோளாறு. யாரும் குளிக்காதபோதும் ஈரம் நிற்கவில்லை என்றாலும் இதையே சந்தேகிக்கலாம்.

*2. வாளி சோதனை:* தண்ணீர் வடியும் ஓட்டையின் மேல் இருக்கும் ஜாலியைக் கழற்றுங்கள். தரை நனையாமல், ஒரு புனலோ ஹோஸோ வைத்து, மூன்று நான்கு வாளித் தண்ணீரை நேராக ஓட்டைக்குள் ஊற்றுங்கள். கீழே ஈரம் வந்தால், டிராப்பிலோ கழிவுநீர் பைப் இணைப்பிலோ கசிவு.

*3. தேக்கும் சோதனை:* துணியை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஓட்டையை இறுக்கமாக அடையுங்கள். வாசல்படியைத் தாண்டாத அளவுக்குத் தரையில் தண்ணீர் தேக்கி, 24 மணி நேரம் விடுங்கள். இப்போது கீழே ஈரம் வந்தால், டைல்ஸ் இடுக்கிலோ ஜாலியின் ஓரத்திலோதான் பிரச்னை.

நாமே சரிசெய்யக்கூடியது எது?

மூன்றாவது வகையில், ஜாலியின் ஓரமும் டைல்ஸ் இடுக்கும் மட்டும் பெயர்ந்திருந்தால் உடைக்காமலே முயற்சி செய்யலாம்.

• இடுக்கில் உள்ள பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுங்கள். மேலே பூசினால் நிற்காது.
• பிரஷ் போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.
• ஒயிட் சிமென்ட்டுக்குப் பதில் எபாக்ஸி க்ரௌட் நிரப்புங்கள். அதில் தண்ணீர் எளிதில் இறங்காது.
• பாக்கெட்டில் சொல்லியிருக்கும் நேரம் வரை தண்ணீர் படக் கூடாது. பிறகு தேக்கும் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள்.

போர் தண்ணீரால் வரும் உப்புக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். ஆசிட் கறையோடு சேர்த்து இடுக்கில் இருக்கும் சிமென்ட்டையும் அரித்துவிடும். கசிவு தொடங்க இதுவும் ஒரு காரணம்.

முதல் இரண்டு வகை என்றால் பிளம்பர் அவசியம். டிராப் இணைப்பு மட்டும்தான் கோளாறு என்றால், ஜாலியைச் சுற்றி மட்டும் உடைத்தால் போதுமா என்று முதலில் கேளுங்கள். க்ரௌட் போட்ட பிறகும் ஈரம் வந்தால், அடியில் உள்ள வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கலாம். அப்போதுதான் முழுத் தரையையும் எடுக்க வேண்டியிருக்கும்.

டிராப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்!

"அடைப்பு வராது" என்று சொல்லி டிராப் இல்லாமல் நேராக பைப்பை இணைப்பவர்களும் உண்டு. டிராப்பில் எப்போதும் நிற்கும் தண்ணீர்தான், கழிவுநீர்க் குழாயின் நாற்றமும் கிருமியும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியது. அங்கே பாத்ரூம் டிராப்கள் வறண்டு கிடந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பயன்படுத்தாத பாத்ரூமிலும் வாரம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வாடகை வீடு என்றால் செலவு யாருக்கு?

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதபட்சத்தில், பொறுப்பைப் பிரித்துச் சொல்கிறது. கட்டுமானப் பழுது, பைப் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. வடிகாலைச் சுத்தம் செய்வது, குழாய் வாஷர் மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பு. எனவே சோதனை செய்யும்போதே கீழ் வீட்டு சீலிங்கைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். யார் செலவு என்ற பேச்சு வரும்போது உதவும்.

கவனம்: சீலிங்கில் லைட், ஃபேன் பக்கம் ஈரம் இருந்தால், முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள். சோதனையெல்லாம் அப்புறம்தான்.