ஆபத்தை முன்பே பார்ப்போம்

கொச்சியில் வெலிங்டன் தீவு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டாஞ்சேரி. மறுபக்கம் எர்ணாகுளம். இந்தத் தீவின் பெரும்பகுதி மனிதர் கையால் உண்டானது. இராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920இல் கொச்சிக்கு வந்தார். அவர் காலத்தில் கப்பல் வரும் வழியை ஆழமாகத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் காயலில் கொட்டினார்கள். அந்த மண்தான் தீவு ஆயிற்று.

தீவில் துறைமுகம் வந்தது. வேலையும் வந்தது. ஆனால் அந்த நாளில் வேலை பெறுவதே பெரும்பாடு. "சாப்பா" என்ற உலோக வில்லையைக் கூட்டத்தில் வீசுவார்கள். அடித்துப் பிடித்து அதை எடுத்தவருக்கே அன்று கூலி. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15இல் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மூவர் இறந்தனர்.

வில்லைக்காக முட்டி மோதியவர், "கயிறு உறுதியாக இருக்கிறதா?" என்று கேட்க முடியுமா? கேட்டால் நாளைக்கு வேலை இருக்காது. ஆகவே அதைப் பார்க்கும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. இன்று சட்டமும் அதையே சொல்கிறது.

அம்மோனியா தொட்டி

உரம் செய்ய அம்மோனியா தேவை. ஃபாக்ட் என்ற அரசு உர நிறுவனம் கப்பலில் வரும் அம்மோனியாவை இந்தத் தீவில் சேமித்தது. தொட்டியின் கொள்ளளவு 10,000 டன். மிகவும் குளிர வைத்தால் அம்மோனியா திரவமாக இருக்கும். வெளியே கசிந்தால் வாயுவாகிப் பரவும். கண் எரியும். தொண்டை அடைக்கும். மிகுதியாகச் சுவாசித்தால் உயிர் போகும்.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தீவிலுள்ள தொட்டியைப் பற்றியும் அச்சம் எழுந்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1994இல் நீதிமன்றம் அந்தத் தொட்டியை நிறுத்தும்படி தீர்ப்புச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தொட்டி பின்னரும் இயங்கியது. ஆனால் அந்த வழக்கு ஒரு கேள்வியை எல்லோர் முன்னும் வைத்தது. விபத்து நடக்கும் முன்பே அதை எண்ணிப் பார்ப்பது யார் கடமை?

ஆபத்து மதிப்பீடு என்றால் என்ன?

வேலை தொடங்கும் முன் வேலை இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

1. இங்கே எதனால் கேடு வரலாம்?
2. யாருக்கு வரலாம்?
3. எவ்வளவு பெரிய கேடு? அடிக்கடி வருமா?
4. அதைத் தடுக்க என்ன செய்வது?
5. செய்தது பலன் தந்ததா? எப்போது மறுபடி பார்ப்பது?

பதில்களை எழுதி வைக்க வேண்டும். தொழிலாளருக்கும் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கப்பலின் சரக்கறையில் பழைய இரும்பு கிடக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூடிய அறையில் இறங்கியவர் மயங்கி விழுவார். காப்பாற்றப் போனவரும் விழுவார். கண்ணுக்கு அங்கே ஆபத்து தெரியாது. முன்பே எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அப்போது அறையைத் திறந்து காற்றோட்டம் விடுவார்கள். கருவியால் காற்றைச் சோதிப்பார்கள். அதன் பிறகே ஆளை இறக்குவார்கள்.

ஹெல்மெட் கொடுத்தால் போதும் என்று சில நிர்வாகங்கள் நினைக்கின்றன. அது தவறு. முதலில் ஆபத்தையே நீக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு வேண்டும். ஹெல்மெட்டும் கையுறையும் கடைசிக் காவல்.

சட்டம் சொல்வது

போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடத்துபவர் அந்த ஆபத்தைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்றது. துறைமுகத் தொழிலாளருக்கு 1986இல் தனிச் சட்டம் வந்தது. 1990இல் அதற்கான விதிகள் வந்தன. கிரேனை ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அவை கூறின.

2020இல் நாடாளுமன்றம் இப்படிப்பட்ட 13 சட்டங்களை ஒரே சட்டத் தொகுப்பாக்கியது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலை இடத்தில் காயமோ தொழில் நோயோ தரக்கூடிய ஆபத்து இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அப்படி வைத்திருப்பது வேலை கொடுப்பவரின் கடமை. ஆபத்தைத் தேடாமல் ஆபத்தை நீக்க முடியுமா? ஆகவே ஆபத்து மதிப்பீடு இந்தக் கடமையின் முதல் படி. பாதுகாப்புக்கு ஆகும் செலவைத் தொழிலாளரிடம் வாங்கக் கூடாது.

கடமை தவறியதால் உயிர் போனால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அல்லது ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் விதிக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுகளுக்குத் தரும்படி நீதிமன்றம் சொல்லலாம்.

தொழிலாளருக்கும் உரிமை உண்டு. வேலையிலுள்ள ஆபத்து பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் நிர்வாகத்திடம் சொல்லலாம். அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். தனியாகச் சொல்ல அஞ்சுபவர்கள் பாதுகாப்புக் குழுவின் வழியாகவோ சங்கத்தின் வழியாகவோ சொல்லலாம்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் வேலை இடத்தில் எந்தெந்த ஆபத்துகள் உள்ளன?

அவற்றை நிர்வாகம் எழுதி வைத்திருக்கிறதா? உங்களுக்குச் சொல்லியிருக்கிறதா?

இன்றே நீக்கக்கூடிய ஆபத்து எது?