கூலிக் கணக்கு – 9: ஓடினால்தான் காசு

அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் பேர் கனரக லாரியும் டிரெய்லரும் ஓட்டிப் பிழைக்கிறார்கள். அவர்களில் வீட்டை விட்டுக் கிளம்பினால் வாரக்கணக்கில் மாநிலம் மாநிலமாகச் சுற்றும் நெடுந்தூர டிரைவர்களுக்குப் பெரும்பாலும் மணிக் கூலி கிடையாது. மைலுக்கு இத்தனை சென்ட் என்றுதான் கணக்கு. வண்டி ஓடினால் கூலி ஏறும். வண்டி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவு சம்பளம் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். ஆனால் லாரி டிரைவரின் நாள் முழுக்க ஓட்டுவதிலேயே கழிவதில்லை. கிளம்பும் முன் டயர், பிரேக், விளக்கு, டிரெய்லர் இணைப்பு என்று வண்டியைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். அது சட்டப்படியான கடமை. டீசல் போட வேண்டும். எடை மேடையில் வரிசையில் நிற்க வேண்டும். மலைப் பாதையில் பனி கொட்டினால் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்ட வேண்டும். இருட்டிய பிறகு 70 அடி நீள வண்டியை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டும். இவை எல்லாம் வேலைதான். மைல் கணக்கில் மட்டும் இவை வருவதில்லை.

எல்லாவற்றையும் விட நேரத்தைத் தின்பது கிடங்கு வாசல். ஒரு மளிகைக் கிடங்கில் காலை 6 மணிக்குச் சரக்கு இறக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் 5 மணிக்கே வண்டியைக் கிளப்பி, வாசலில் காகிதங்களைக் காட்டி, கதவு எண் வாங்கி, டிரெய்லரைப் பின்பக்கமாகவே ஓட்டி மேடையோடு ஒட்ட நிறுத்திவிடுவார். அதன் பிறகு அவர் கையில் எதுவும் இல்லை. மேடையோரத்து விளக்கு சிவப்பில் இருக்கும்வரை வண்டியை அசைக்கக் கூடாது. உள்ளே ஆள் பற்றாக்குறையாக இருக்கலாம், வேறு வண்டிக்கு முதலிடம் கொடுத்திருக்கலாம். 7 மணியாகும், 9 மணியாகும். விளக்கு பச்சைக்கு மாறும்போது மணி 11 ஆகியிருக்கும்.

முதல் 2 மணி நேரம் காத்திருப்புக்குக் காசு கேட்பதில்லை என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்கு மேல் ஆகும் நேரத்துக்குச் சரக்குக்காரரிடம் கட்டணம் வாங்கலாம். வாங்கினாலும் அதில் டிரைவருக்கு எவ்வளவு போகும் என்பது அந்தந்த கம்பெனியின் மனசைப் பொறுத்தது. லோடு இறக்கும் இடத்தில் வண்டி முடங்கிக் கிடப்பது என்றால் என்ன என்று நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதோடு இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு வேலையைத் தொடங்கினால், அடுத்த 14 மணி நேரத்துக்குள்தான் வண்டி ஓட்டலாம். அதிலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. களைப்பில் விபத்து நேராமல் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் கிடங்கில் காத்துக் கிடந்தேன் என்பதற்காக அந்த 14 மணி நேரம் சாதாரணமாக நின்று கொடுப்பதில்லை. 5 மணிக்குக் கிளம்பியவருக்கு மாலை 7 மணியோடு ஆட்டம் முடிந்தது. 2017 டிசம்பர் 18 முதல் இஞ்சினோடு இணைந்த மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமாகிவிட்டதால், பழைய காலம்போல நோட்டில் நேரத்தைத் திருத்தி எழுதவும் வழியில்லை. இழந்த மைல்களை ஈடுகட்ட ஒரே வழி, மிச்சமிருக்கும் நேரத்தில் வேகமாக ஓட்டுவது.

இதன் விளைவை அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 ஜனவரியில் அளந்து சொன்னது. ஏற்றும், இறக்கும் இடத்தில் வண்டி நிற்கும் நேரம் சராசரியாக 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது. இந்தக் காத்திருப்பால் முழு லோடு ஏற்றும் டிரைவர்கள் ஆண்டுக்கு 110 முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழக்கிறார்கள். தாமதம் செய்வது கிடங்குக்காரர். அதற்குப் பணமாகவும் சில நேரம் உயிராகவும் விலை கொடுப்பது டிரைவர்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1935 முதல் சரக்குக் கட்டணத்தை மத்திய ஆணையம் ஒன்று கட்டுப்படுத்தி வந்தது. 1964-ல் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத் தலைவர் ஜிம்மி ஹாஃபா, நாடு முழுவதும் 4 லட்சம் டிரைவர்களுக்கு ஒரே கூலி ஒப்பந்தத்தை முதலாளிகளிடம் வாங்கினார். ஹாஃபா மீது வேறு நூறு குறை சொல்லலாம், அவர் சிறைக்கும் போனவர். ஆனால் லாரி டிரைவர் சொந்த வீடு கட்டி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்த காலம் அது. 1980-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. புதிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. போட்டியில் சரக்குக் கட்டணம் சரிந்தது, கடைகளில் பொருள் மலிவானது. சங்கம் வைத்திருந்த பழைய கம்பெனிகள் பல மூடப்பட்டன. மலிவு விலையில் ஒரு பெரும் பங்கு டிரைவரின் கூலியிலிருந்து வந்தது என்பதைப் பொருளாதார ஆய்வாளர் மைக்கேல் பெல்சர் 2000-ல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிக் காட்டினார். அவரும் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர்தான்.

கம்பெனிகளின் தரப்பிலிருந்து வரும் குரல் வேறு. ஆளே கிடைப்பதில்லை என்பது அவர்களின் நிரந்தரப் புகார். 80,000 டிரைவர்கள் குறைகிறார்கள் என்று 2021-ல் அமெரிக்க டிரக்கிங் சங்கங்களின் கூட்டமைப்பு சொன்னது. அதே கூட்டமைப்பு வெளியிட்ட இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முழு லோடு ஏற்றும் பெரிய கம்பெனிகளில் ஆண்டுக்கு 90 சதவீதத்தைச் சுற்றியே டிரைவர்கள் விலகி வந்திருக்கிறார்கள். 100 பேர் வேலை செய்யும் இடத்தில் வருஷத்துக்கு 90 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று பொருள். சில்லறைச் சரக்குகளைச் சேர்த்து ஏற்றும் கம்பெனிகளிலோ இந்த விகிதம் 10 சதவீத அளவில்தான் நிற்கிறது. அதே லைசென்ஸ், அதே சாலை, அதே பனி. அங்கே பலர் மணிக் கூலி வாங்குகிறார்கள், ராத்திரி வீட்டுக்குப் போகிறார்கள், பல இடங்களில் சங்கமும் இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்பதை விட ஆள் தங்குவதில்லை என்பதே உண்மைக்கு நெருக்கம்.

ஓடிப்போகிறவர்களுக்குப் பதிலாக வருகிறவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள்? பயிற்சிப் பள்ளிச் செலவைக் கம்பெனியே ஏற்கும், குறிப்பிட்ட காலம் அங்கேயே ஓட்ட வேண்டும், நடுவில் விட்டுப் போனால் பயிற்சிக் கட்டணம் கடனாகத் தலையில் விழும். அதைத் தாண்டியவருக்கு அடுத்த அழைப்பு வரும்: சம்பளத்துக்கு ஓட்டியது போதும், நீங்களே முதலாளி ஆகுங்கள்.

இந்த அழைப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை டொமினிக் ஒலிவேரா என்பவரின் வழக்கு வெளியே கொண்டுவந்தது. மிசௌரி மாநிலத்தின் நியூ பிரைம் என்ற பெரிய கம்பெனியில் பயிற்சி டிரைவராகச் சேர்ந்தவர் அவர். வழக்கில் அவர் சொன்னபடி, முதல் 10,000 மைல் அவர் கம்பெனியின் சரக்கோடு ஓடியதற்குக் கூலியே இல்லை. அடுத்த 30,000 மைல் ஓட்டியதற்குக் கணக்குப் பார்த்தால் மணிக்குச் சுமார் 4 டாலர். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7.25 டாலர். பிறகு அவரைத் தனிக் கம்பெனி தொடங்கச் சொல்லி, ‘சுயேச்சை ஒப்பந்தக்காரர்’ ஆக்கினார்கள். லாரி, பிரைமோடு தொடர்புடைய இன்னொரு நிறுவனத்திடம் குத்தகைக்கு வந்தது. குத்தகைப் பணம், டீசல், கருவிகள் எல்லாம் வாராவாரம் பிடித்தம் ஆயின. பிடித்தம் போகக் கைக்கு வர வேண்டிய தொகை பூஜ்யத்துக்கும் கீழே போன வாரங்கள் உண்டு. பேருக்கு அவர் முதலாளி, எந்த லோடு எங்கே எப்போது என்பதெல்லாம் பிரைம் சொன்னபடி. ஒரு கட்டத்தில் விலகிப் போய்த் திரும்பவும் அதே கம்பெனியில் சம்பள டிரைவராகச் சேர்ந்தார். முன்பு ஒப்பந்தக்காரராகச் செய்த வேலைக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை என்றார்.

2015-ல் அவர் வழக்குப் போட்டபோது கம்பெனி, ‘நீ கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நீதிமன்றம் போகக் கூடாது, தனியார் சமரசத்துக்குத்தான் வர வேண்டும்’ என்று வாதிட்டது. ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியே சமரசத்துக்குப் போனால் வழக்கறிஞர் செலவுக்கே கட்டாது. எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் போராடும் வழியும் அடைபடும். 2019 ஜனவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒலிவேராவின் பக்கம் நின்றது. சமரசத்தைக் கட்டாயப்படுத்தும் 1925-ம் ஆண்டுச் சட்டம், மாநிலம் கடந்து சரக்கு கொண்டுபோகும் தொழிலாளர்களுக்கு விலக்குத் தந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் என்று பெயர் மாற்றிவிட்டால் அந்த விலக்கு போய்விடாது என்றது தீர்ப்பு. மறு ஆண்டு 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு நியமித்த பணிக்குழு ஒன்று, இப்படிப்பட்ட குத்தகைத் திட்டங்களையே தடை செய்யும்படி நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது.

கூலிக் கணக்கு ஒருபுறம். மறுமுனையில் தொலைபேசியில் பேசும் அலுவலகம் டிரைவரை எப்படி நடத்துகிறது என்பதற்கு அல்ஃபான்ஸ் மாடினின் வழக்கு போதும். அமெரிக்க டிரைவர்கள் இதை ‘உறைந்த டிரைவர் வழக்கு’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

2009 ஜனவரி. இல்லினாய் மாநில நெடுஞ்சாலையில் டிரான்ஸ்ஆம் டிரக்கிங் கம்பெனியின் டிரெய்லரோடு மாடின் போய்க்கொண்டிருந்தார். குளிர், பாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே. நம் கணக்கில் மைனஸ் 18-க்கும் கீழே. கம்பெனி சொன்ன பங்க்கில்தான் டீசல் போட வேண்டும் என்பது விதி. அந்த பங்க் கண்ணில் படவில்லை, டீசல் முள் அடியைத் தொட்டுவிட்டது. இரவு 11 மணிவாக்கில் ஓரம் கட்டினார். 10 நிமிடத்தில் கிளம்பப் பார்த்தால் டிரெய்லர் பிரேக் குளிரில் உறைந்து சக்கரம் பிடித்துக்கொண்டது. 11.17-க்குக் கம்பெனியை அழைத்தார். மெக்கானிக் வருவார் என்றார்கள். கேபினைச் சூடாக்கும் கருவியும் வேலை செய்யவில்லை. அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

1.18-க்கு உறவினர் ஒருவரின் அழைப்பு அவரை எழுப்பியது. பேச்சு குழறியதாக அந்த உறவினர் பின்னால் சாட்சி சொன்னார். உடம்பு மரத்திருந்தது, கால்களில் உணர்ச்சி இல்லை. மறுபடி கம்பெனியை அழைத்தார். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றது பதில். அரை மணி நேரம் கழித்து, டிரெய்லரைக் கழற்றிவிட்டு மேலதிகாரியை அழைத்தார். மூச்சு விடவே சிரமமாக இருக்கிறது, கிளம்புகிறேன் என்றார். அதிகாரி கொடுத்த வழிகள் இரண்டுதான்: உறைந்த பிரேக்கோடு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போ, அல்லது மெக்கானிக் வரும்வரை அங்கேயே இரு. மாடின் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். டிரெய்லரை விட்டுவிட்டு முன்வண்டியை மட்டும் ஓட்டிப் போனார். 15 நிமிடத்துக்குள் மெக்கானிக் வந்தார்; மாடினும் திரும்பி வந்தார். ஒரு வாரத்துக்குள் வேலை போயிற்று. சரக்கை அநாதையாக விட்டுப் போனார் என்பது குற்றச்சாட்டு.

தொழிலாளர் துறையின் விசாரணை நீதிபதியும் மேல்முறையீட்டு வாரியமும் மாடினுக்குத் திரும்ப வேலையும் நிலுவைச் சம்பளமும் தரச் சொன்னார்கள். 2016-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. மாறுபட்ட நீதிபதி நீல் கோர்சச். ஆபத்தான வண்டியை ஓட்ட மறுத்தால்தான் சட்டத்தின் பாதுகாப்பு, இவர் மறுக்கவில்லை, ஓட்டிப் போனார் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்ற நியமன விசாரணையில் செனட்டர் அல் ஃப்ராங்கன் இந்தத் தீர்ப்புக்காக அவரைக் குடைந்தெடுத்தார். ஒலிவேராவுக்குச் சாதகமான தீர்ப்பை எழுதியவரும் அதே கோர்சச்தான். சட்டத்தின் வாசகத்தை மட்டுமே பார்க்கிறவரின் கையில் ஒரு டிரைவர் ஜெயித்தார், இன்னொருவர் தோற்றிருப்பார். அப்படியானால் திருத்த வேண்டியது சட்டத்தின் வாசகத்தைத்தான்.

நல்ல கம்பெனிகளே இல்லையா என்று கேட்கலாம். வால்மார்ட் தன் சொந்த லாரி டிரைவர்களுக்கு முதல் ஆண்டிலேயே 1,10,000 டாலர் வரை கிடைக்கும் என்று 2022-ல் அறிவித்தது. நாட்டின் இடைநிலை டிரைவர் சம்பளத்தைப் போல இது ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் அங்கும், வண்டியைச் சோதிக்கும் நேரத்துக்கும் கட்டாய ஓய்வு நேரத்துக்கும் முறையான கூலி தரவில்லை என்று கலிஃபோர்னியா டிரைவர்கள் வழக்குத் தொடுத்து, 2016-ல் ஜூரி 5 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2020-ல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. கலிஃபோர்னியாவில் அது முடிந்ததற்குக் காரணம், வேலையிலிருக்கும் ஒவ்வொரு மணிக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று சொல்லும் அந்த மாநிலச் சட்டம்தான். மற்ற பல மாநிலங்களில் வாரத்தின் மொத்த மைல் கூலியை மொத்த மணி நேரத்தால் வகுத்து, 7.25 டாலருக்குக் குறையாமல் இருந்தால் போதும். காத்திருந்த நேரம் அந்தச் சராசரியில் கரைந்துபோகும்.

வாரத்துக்கு 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது 1938-ம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கத் தொழிலாளிக்குத் தந்த உரிமை. நெடுந்தூர லாரி டிரைவரை அன்றைக்கே அந்தச் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. அவரைச் சேர்க்க 2022-ல் ஒரு மசோதா வந்தது, அடுத்த ஆண்டு மறுபடி வந்தது. இரண்டு முறையும் நிறைவேறவில்லை. அது நிறைவேறியிருந்தால், வண்டியை 5 மணி நேரம் வாசலில் நிறுத்தி வைப்பது இலவசமல்ல என்று கிடங்குக்காரருக்கு முதல்முறையாகத் தெரிந்திருக்கும்.

(தொடரும்)