குடியை விட்டவர் ஏன் இன்னும் கூட்டத்திற்குப் போகிறார்?

உங்கள் பக்கத்து வீட்டு மாமா குடியை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முகம் தெளிந்துவிட்டது. வேலைக்கும் ஒழுங்காகப் போகிறார். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் மாலையில் கிள்ளானில் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் ஏதோ ஒரு கூட்டத்திற்குப் போய் வருகிறார். "அதான் விட்டாச்சே, இன்னும் எதுக்குப் போறாரு?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நல்ல கேள்விதான். அதற்கான விடை மூளையில் இருக்கிறது.

மூளையின் வேகத்தைக் குறைக்கும் வேதிப்பொருள்களில் முக்கியமானது காபா. வேகத்தைக் கூட்டுவது குளுட்டமேட். ஒன்று பிரேக், மற்றொன்று எண்ணெய் மிதி. மது, பிரேக்கை அழுத்தி, மிதியைத் தளர்த்துகிறது. குடித்தவர் தள்ளாடுவதும் பேச்சுக் குழறுவதும் அதனால்தான். தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. பிரேக்கின் வலுவைக் குறைத்து, மிதியின் வலுவைக் கூட்டிச் சமன் செய்துகொள்ளும். பிறகு பழைய அளவு போதாமல் போகும்.

அந்த நிலையில் மதுவைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்? மிதி முழு வேகத்தில் இருக்கும், பிரேக்கோ தேய்ந்திருக்கும். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் ஏற்படும். இது உயிரையே பறிக்கக்கூடியது. ஆகவே தினமும் அதிகம் குடிப்பவரிடம், "நாளையிலிருந்து ஒரு சொட்டும் தொடக்கூடாது" என்று வீட்டில் சத்தம் போடுவது கோபத்திற்குச் சரி, மருத்துவத்திற்குச் சரியல்ல. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிப்பு வந்தால் யோசிக்காமல் 999ஐ அழையுங்கள்.

நடுக்கம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். கஷ்டமான பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது. மது கிடைத்தபோதெல்லாம் மூளை, டோப்பமின் என்ற பொருளின் துணையோடு, அந்த இடத்தையும் நேரத்தையும் ஆட்களையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறது. சம்பள நாள், பழைய நண்பர், கடையின் விளக்கு, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலே போதும், ஏக்கம் எழும்.

இதை நம் முன்னோர் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் அதில் முன்னின்றார். பின்னர் அவரைப் பிரிட்டிஷ் அரசு நாடு கடத்தியது. அவர்கள் வைத்த கோரிக்கைகள் சம்பள உயர்வோடு நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். கடை கண்முன்னே இருக்கும்வரை மனிதன் தினமும் அதோடு போராட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கடையை மூட முடியாவிட்டால்? 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவர் ஒரு விடுதியில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரமோ கெட்டுவிட்டது. விடுதியின் மதுக்கூடம் அவரை இழுத்தது. அவர் தொலைபேசியை எடுத்தார். தன்னைப் போலக் குடியால் அவதிப்படும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்டு, பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ. பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள். வில்சன் அன்று ஆலோசனை கேட்கப் போகவில்லை. இன்னொருவருடன் பேசினால் தானும் குடிக்காமல் இருக்கலாம் என்றுதான் போனார்.

இது பலன் தருகிறதா? 2020இல் கொக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவற்றில் 10,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றிருந்தனர். ஏ.ஏ.வில் சேரும்படி முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் 100க்குச் சுமார் 42 பேர் ஓராண்டு குடிக்காமல் இருந்தனர். மற்ற மனநலச் சிகிச்சைகளில் அது 35 பேர். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பழைய கூட்டாளிகளின் இடத்தில் குடிக்காத புதிய நண்பர்கள் வருவது இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏ.ஏ.வின் 12 படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு. அது பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவர், மனநல ஆலோசகர் என்று வேறு வழிகள் உள்ளன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. பெரியவர்கள் தேடும்போது இடத்தையும் நாளையும் மட்டும் பார்த்தால் போதாது. எந்த மொழியில் பேசுவார்கள் என்று கேட்க வேண்டும். மனம் திறந்து பேசத் தாய்மொழி உதவும். 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தாரும் போகலாம். 'மூடிய கூட்டம்' குடியை விட விரும்புபவருக்கு மட்டும். நேரமும் இடமும் மாறக்கூடும், புறப்படும் முன் அழைத்து உறுதி செய்வது நல்லது. கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, முதல் நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

குடிப்பவர் உங்கள் அப்பாவாகவே இருந்தால்? அவரைக் கூட்டத்திற்கு இழுத்துப் போவது உங்கள் வேலை அல்ல. பாட்டிலை ஒளித்து வைப்பதும், அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்வதும் உங்கள் வேலை அல்ல. குடிப்பவரின் குடும்பத்தாருக்காக 1951இல் 'அல்-அனான்' தொடங்கியது. உங்களைப் போன்ற பதின்ம வயதினருக்காக 1957இல் 'அலட்டீன்' வந்தது. பக்கத்தில் அது இல்லாவிட்டால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். வீட்டில் அடிதடி என்றால் 'தாலியான் காசே' 15999, இரவிலும் எடுப்பார்கள். எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தொடங்குங்கள்.