மார்பகப் புற்றும் மரபணுவும்

தில்லியில் வாழும் நமக்கு ஊர்ச் செய்திகள் தவறாமல் வந்து சேர்கின்றன. திருமணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா யாவும் அறிகிறோம். ஆனால், அத்தை எந்த நோயால் மறைந்தார் என்று கேட்டால் மட்டும், "உடம்பு சரியில்லாமல் இருந்தார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அவ்வாறு மறைப்பதால் விளையும் கேடு யாது என்று காண்போம்.

எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று உயிரணுக்களுக்குக் கட்டளையிடுவன மரபணுக்கள். அவற்றுட் சில பழுதுற்றால் உயிரணுக்கள் அடங்காது பெருகும், அதுவே புற்று. அப்பழுது இருவகைப்படும்.

ஒன்று, பிறப்பிலேயே வருவது. மார்பகப் புற்றுக்கு ஏதுவாகும் மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் உள்ளது என்று 1990-இல் அமெரிக்க அறிஞர் மேரி கிளேர் கிங் கண்டார். பி.ஆர்.சி.ஏ.-1 எனப்படும் அம்மரபணு 1994-இல் பிரித்தறியப்பட்டது. இப்பழுது தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டிலொரு வாய்ப்பு உண்டு. ஆகவே அத்தையின் நோயும் நாம் அறிய வேண்டியதே. எனினும், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே இந்நோய் மரபுவழி வருகிறது.

மற்றொன்று, கட்டியினுள்ளேயே தோன்றுவது. நோய் பரவுவதில் இதன் பங்கு பெரிது. ஹெர்-2 என்னும் மரபணு சிலரது கட்டியில் அளவுக்கு மீறிப் பல படிகளாகப் பெருகியிருக்கும். அத்தகையோர்க்கு நோய் விரைந்து திரும்புகிறது என்று 1987-இல் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடைய குழுவினரும் காட்டினர். அதனைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2014-இல் இந்தியாவில் தயாரான நிகர் மருந்தும் விற்பனைக்கு வந்தது. கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தாலன்றி இம்மருந்து யாருக்கு ஏற்றது என்று அறிய இயலாது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அத்துயரை மூடி வைக்கவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். அடுத்த முறை ஊர் செல்லுங்கால், இரு வழி உறவினரிடையேயும் யாருக்கு, எந்த வயதில் இந்நோய் வந்தது என்று பெரியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வோம். மார்பில் வலியற்ற கட்டி தென்பட்டாலும் நாணாது, நாள் கடத்தாது, எய்ம்ஸ் முதலிய மருத்துவமனைகளுக்குச் சென்று அக்குறிப்பை மருத்துவரிடம் காட்டுவோம்.